தபசுப் பேணி

வடமராட்சி கிழக்கின் நெடிய மணற்கரையிலே, பனங்கூடல் முடிந்து தாழம்புதர்கள் தொடங்கும் இடத்தில், சிறிய தேவாலயம் ஒன்று கடலைப் பார்த்தபடி நிற்கின்றது. நூறு பேர் நெருங்கியிருந்தால் நிறைந்துவிடும் அளவினது. கோபுரம் என்று சொல்லத்தக்கது எதுவும் அதற்கில்லை. முற்றத்து மரக்கிளையில் தொங்கும் மணியே கோபுரத்தின் வேலையைச் செய்கின்றது. பங்குச் சுவாமி வேறோர் ஊரில் வதிகின்றார். அவர் கவனிக்க வேண்டிய கோயில்கள் பல. ஆதலால் இங்கு எல்லா ஞாயிறுகளிலும் பூசை நடைபெறுவதில்லை. பூசையில்லாத ஞாயிறுகளில் மூப்பர் மணியடிக்கின்றார். எழுத்தறிந்த ஒருவர் அன்றைய வேதவாசகத்தை வாசிக்கின்றார். ஊர் முழந்தாளிட்டுச் செபமாலை சொல்லுகின்றது. பின்னர் ஆண்கள் முற்றத்து நிழலில் அமர்ந்து வலை, எண்ணெய் விலை, காற்று ஆகியவற்றைப் பற்றிப் பேசுகின்றனர். அப்பேச்சும் வழிபாட்டின் ஒரு பகுதியோ என்று ஐயுறும் வண்ணம் அவ்விரண்டும் ஒன்றோடொன்று இணைந்து கிடக்கின்றன.

இக்கரையில் வாழ்வோருக்கு இரண்டு நாட்காட்டிகள் உண்டு. ஒன்று திருச்சபை வகுத்தது. மற்றது காற்று வகுத்தது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்குவோருக்கு ஒரு விந்தை புலப்படும். ஐப்பசியில் வடகீழ்ப் பருவக்காற்று தொடங்கியதும் கடல் குமுறுகின்றது. கார்த்திகை, மார்கழி மாதங்களில் வள்ளங்கள் பெரும்பாலும் கரையில் கவிழ்ந்தே கிடக்கின்றன. அடுப்பு எரிவது அரிதாகும் அந்நாட்களிலேதான் திருவருகைக் காலமும் நத்தாரும் வருகின்றன. மாறாக, தை கழிந்து கடல் அடங்கி மீன்பாடு தேறத் தொடங்கும்போது விபூதிப் புதன் வந்து, 'ஒறுத்துக்கொள்' என்கின்றது. கடல் கைவிரிக்கும் காலத்தில் கொண்டாட்டம். கடல் வாரி வழங்கும் காலத்தில் நோன்பு! குளிர்நாட்டு மக்களுக்கு அமைந்த ஒழுங்கு இக்கரைக்குப் பொருந்தவில்லை என்று எளிதாகக் கூறிவிடலாம். ஆனால், அச்சிற்றூரார் அப்பொருந்தாமையையே தம் வாழ்க்கை முறையாக்கிக்கொண்டனர் என்பதுதான் நோக்கத்தக்கது.

அம்முறையின் மையமாக விளங்குவது ஒரு தகரப்பேணி. பழைய பால்மாப் பேணியின் மூடியில் நாணயம் நுழையும் அளவுக்கு வெட்டி, விபூதிப் புதனன்று வீட்டுக்கு ஒன்றாக மூப்பர் வழங்குவார். நெற்றியிலே சாம்பலும் கையிலே பேணியுமாக மக்கள் வீடு திரும்புவர். முந்திய ஆண்டுக் குருத்தோலைகளை எரித்துப் பெற்ற சாம்பல் மாலைக்குள் வியர்வையில் கரைந்துவிடும். பேணியோ நாற்பது நாளும் அடுப்படித் தட்டில் இருந்து வீட்டாரைப் பார்த்துக்கொண்டிருக்கும். உண்ணாது விட்ட ஒரு நேர உணவின் விலை, குடியாது விட்ட கள்ளின் விலை, சிறுவர் வாங்காது விட்ட இனிப்பின் விலை என ஒவ்வொன்றும் அதனுள் விழும். வெள்ளிக்கிழமைகளில், வலையில் ஏறிய நல்ல மீன் முழுவதும் சந்தைக்குப் போகும். வீட்டிலே கீரையும் சோறுமே. அன்று மாலை சிலுவைப்பாதைக்கு வரும் பெண்கள் ஒருவரையொருவர், 'பேணி பாரமோ?' என்று கேட்டுச் சிரித்துக்கொள்வர்.

உயிர்த்த ஞாயிற்றுக்கு அடுத்த வாரம் பேணிகள் யாவும் பீடத்தின் முன் பாயிலே கொட்டப்பட்டு எண்ணப்படும். எந்தப் பேணியில் எவ்வளவு இருந்தது என்று எவரும் கேட்பதில்லை. மொத்தத் தொகை மட்டும் உரக்க வாசிக்கப்படும். அப்பணம் மாரி வரும்வரை தொடப்படாது. கார்த்திகையில், கடல் மூடிய பின்னர், அரிசியாகவும் பருப்பாகவும் மாறி, இருட்டிய பொழுதில் சில வீடுகளின் படலையடியில் வந்து சேரும். எவ்வீட்டுக்கு எவ்வளவு என்பதை மூப்பரும் வேறிருவரும் மட்டுமே அறிவர். இங்ஙனம் மாசியின் நோன்பு மார்கழியின் சோறாகின்றது. பனையோலையாலும் கிழிந்த வலைத்துண்டுகளாலும் அமைத்த பாலன் குடிலின்முன், அச்சோற்றை உண்ட பிள்ளைகளும் உண்ணத் தேவையில்லாத பிள்ளைகளும் ஒரே குரலிற் பாடுகின்றனர். எவர் எத்தகையோர் என்பது பாட்டிலே தெரிவதில்லை.

சுவாமி இல்லாத நாட்களிலும் ஒரு கோயில் இயங்குவது புதுமையன்று. 1658 ஆம் ஆண்டில் யாழ்ப்பாணக் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறியபின், கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது, குருமார் வெளியேற்றப்பட்டனர். 1687 இல் கோவாவிலிருந்து யோசேவாஸ் அடிகள் ஏழையின் கோலத்தில் இலங்கைக்கு வந்து யாழ்ப்பாணத்தை அடையும்வரை, ஏறத்தாழ ஒரு தலைமுறைக் காலம், விசுவாசத்தைக் காத்தவை வீடுகளே. அவர் வந்த பின்னரும் குருமார் மிகச் சிலராயிருந்தமையால், ஊர்தோறும் மூப்பரும் அண்ணாவியுமே செபத்தையும் ஞானோபதேசத்தையும் நடத்த நேர்ந்தது. யோசேவாஸ் அடிகள் 2015 ஆம் ஆண்டு சனவரி 14 ஆம் நாள் புனிதராகப் பிரகடனஞ் செய்யப்பட்டார். அம்மூப்பர்களின் பெயர்களோ எப்பலகையிலும் பொறிக்கப்படவில்லை. இன்று மரக்கிளை மணியின் கயிற்றைப் பற்றும் கை அவர்களுடைய கையின் தொடர்ச்சி எனின் அது மிகையாகாது.

அண்மைக் காலத்திலும் கதவுகள் அடைபட்டதுண்டு. 2019 ஏப்ரல் 21 ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, கொழும்பு கொச்சிக்கடையிலும் நீர்கொழும்பு கட்டுவப்பிட்டியிலும் மட்டக்களப்புச் சீயோன் தேவாலயத்திலும் குண்டுகள் வெடித்தபின், நாடெங்கும் பொதுவழிபாடு சில காலம் நிறுத்தப்பட்டது. மறு ஆண்டின் பெரிய வாரமோ கொள்ளைநோய் காரணமான ஊரடங்கினுள் கழிந்தது. அக்காலத்தில் இச்சிற்றூரின் பெரிய வெள்ளி வீட்டு விறாந்தைகளிலேயே நிகழ்ந்தது. ஒரு வீட்டில் தொடங்கிய செபம் வேலிக்கு அப்பால் உள்ள வீட்டாரால் தொடரப்பட்டது. பேணிகள் மட்டும் வழமைபோல் அடுப்படித் தட்டிலேயே இருந்தன.

பெரிய வெள்ளி இவ்வூருக்கு ஆண்டின் உச்சநாள். சொரூபங்கள் ஊதாத்துணியால் மூடப்பட்டிருக்கும், மணி மௌனமாகும், மரப்பலகையைத் தட்டியே ஊரை அழைப்பர். அன்று ஒரு வள்ளமும் கடலில் இறங்குவதில்லை. மாலையில் வியாகுலப் பிரசங்கம் வாசிக்கப்படும். 1705 இல் இலங்கைக்கு வந்து 1742 இல் இந்நாட்டிலேயே மறைந்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகள் தமிழில் ஆக்கிய நூல் அது. பூசை இலத்தீனில் நடைபெற்ற நீண்ட காலம் முழுவதிலும், கடவுளின் துயரைத் தம் மொழியிலே கேட்டு அழுவதற்கு மக்களுக்கு வாய்த்த வழிகளுள் அதுவும் ஒன்று. இழவு வீட்டின் ஒப்பாரியை ஒத்த இராகத்தில் அது நீட்டி வாசிக்கப்படும்போது, முதியோர் விம்முவதும் இளையோர் தலைகுனிவதும் இன்றும் மாறவில்லை.

அக்கூட்டத்தில் முன்வரிசைக்குப் பக்கவாட்டில், தூணோரமாக, ஒரு மூதாட்டி அமர்ந்திருப்பார். கருவாடு காயவைத்தும் பனையோலைக் கடகம் பின்னியும் சீவிப்பவர். 2004 ஆம் ஆண்டு நத்தாருக்கு மறுநாள், டிசம்பர் 26 ஆம் நாள் ஞாயிறன்று, எழுந்த ஆழிப்பேரலை அவருடைய கணவனைக் கொண்டுபோயிற்று. உடல் கரையொதுங்கவில்லை. நவம்பர் இரண்டாம் நாள், ஆன்மாக்கள் திருநாளில், ஊரார் தத்தம் கல்லறைகளில் மெழுகுதிரி ஏற்றும்போது அவருக்கு ஏற்ற ஓரிடமில்லை. சேமக்காலையின் நடுவிலுள்ள பொதுச் சிலுவையின் அடியில் ஒன்றை நட்டுவிட்டுத் திரும்புவார். ஆனால், பெரிய வெள்ளியன்று திருவுடலை ஆசந்தியில் வைத்து ஊர்வலமாக எடுத்துச் செல்லும்போது, அவர் ஆசந்தியின் விளிம்பைப் பற்றியபடியே நடப்பார். எவரும் அவரை விலகச் சொல்வதில்லை. காணாத உடலுக்கு அவர் செய்யும் அடக்கம் அது என்பதை ஊர் அறியும். ஒருவர் துயருக்கு ஊர் முழுவதும் தோள் கொடுக்கும் அந்த அரைமணி நேரத்துக்காகவே அவர் ஆண்டு முழுவதும் காத்திருக்கின்றாரோ என எண்ணத் தோன்றும்.

இத்தகைய ஊருக்குச் சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு கடிதம் வந்தது. போர்க்காலத்திற் புலம்பெயர்ந்து வெளிநாடுகளில் நிலைத்துவிட்ட ஊரார் சேர்ந்து எழுதியது. கோயிற் கூரை முழுவதையும் புதுப்பிக்கவும், மாரியில் வறிய குடும்பங்களுக்கு ஆண்டுதோறும் உதவவும் தாம் பணம் அனுப்புவதாக அவர்கள் அன்போடு அறிவித்திருந்தனர். கடிதத்தின் இறுதியில் ஒரு வேண்டுகோளும் இருந்தது: இனிமேல் ஊரார் பேணி குலுக்கிச் சில்லறை சேர்க்கும் நிலை வேண்டாம், அது தமக்கு மனவருத்தம் தருகின்றது என்பதே அது.

பூசையில்லாத ஒரு ஞாயிறன்று, செபம் முடிந்தபின், மூப்பர் அதனை வாசித்தார். இளைஞர் பலர் மகிழ்ந்தனர். "மூப்பரையா, அவங்கள் மனமுவந்து தாறதை நாங்கள் ஏன் தட்டுவான்? ஒரு வருசத்துப் பேணிக்காசு முழுக்கச் சேர்த்தாலும் அவங்கள் ஒரு மாதத்தில அனுப்புற காசுக்கு வராது," என்றான் ஒருவன். அவன் கூற்றில் பிழையில்லை. எண்ணிக்கையை வைத்து வாதிடுபவனுக்கு எண்ணிக்கையால் விடையிறுக்க இயலாது. மூப்பர் கடிதத்தை மடித்து, மீண்டும் விரித்து, மீண்டும் மடித்தார்.

அப்போது தூணோரத்திலிருந்து அம்மூதாட்டியின் குரல் எழுந்தது.

"காசு வரட்டும், தம்பி. கூரை ஒழுகுதுதானே. அதுகளும் எங்கட பிள்ளையள்தான். ஆனால் பேணியை எடுக்காதையுங்கோ. கார்த்திகையில என்ர படலையடிக்கு அரிசி வாறது எல்லாருக்கும் தெரியாட்டிலும் எனக்குத் தெரியும். தபசில நானும் போடுறன் எண்டபடியால்தான் அதை எடுக்கக் கை நீளுது. பேணி இல்லையெண்டால் நான் வாங்கிறவள் மட்டும்தான்."

சபையிலே பேச்சு அடங்கிற்று. பேணியின் அரிசி எவ்வீட்டுக்குச் செல்கின்றது என்பது அதுவரை காக்கப்பட்ட இரகசியம். அதனை உடைப்பதற்கு உரிமையுடைய ஒருவரே உடைத்துவிட்டார். வறியவரிடமிருந்து வறுமையை அகற்ற முனைவோர், பல வேளைகளில் அவருடைய கொடுக்கும் கையையும் சேர்த்தே அகற்றிவிடுகின்றனர். பெறுவதற்கு மட்டுமே உரியவர் என ஒருவரை ஒதுக்குவது, அவரை ஊரின் விளிம்புக்குத் தள்ளுவதாகும். பேணியிலே விழும் ஐந்து ரூபா நாணயம் ஒருவருடைய பசியையும் தீர்க்கப் போதாது. ஆனால், அதனை இட்டவர் அச்சபையின் உறுப்பினர், எவருடைய இரவலருமல்லர்.

முடிவு எளிதாக எட்டப்படவில்லை. மாதக்கணக்கிற் பேச்சு நீண்டது. அனுப்பிய பணம் கூரைக்கு நன்றியுடன் ஏற்கப்பட்டது. மாரி உதவி மட்டும் பேணியின் பொறுப்பிலேயே விடப்பட்டது. தம் அன்பு பாதி திருப்பி அனுப்பப்பட்டதாகக் கருதி வருந்தியோரும் உளர். ஊரிலும் ஒரு குடும்பத்தார் சில மாதங்கள் கோயிற் பக்கம் வரவில்லை. அடுத்த ஆண்டு மாரி கடுமையாக இருந்தபோது, பேணிப்பணம் மார்கழி நடுப்பகுதியிலேயே தீர்ந்துபோயிற்று. அன்று பணத்தை மறுத்தது சரியா என்ற ஐயம் மூப்பரின் முகத்தில் நிழலாடியது. பின்னர் வெளிநாட்டிலிருந்த சிலர் ஒரு புதுவழி கண்டனர். தத்தம் வீடுகளிலும் தபசுக்காலத்தில் ஒரு பேணி வைத்து, அதில் விழுந்ததை மட்டும் அனுப்பத் தொடங்கினர். தொகை முன்னர் வாக்களித்ததிலும் சிறிதே. ஆயினும், உயிர்த்த ஞாயிற்றுக்கு அடுத்த வாரம் மொத்தத் தொகை வாசிக்கப்படும்போது அதுவும் அதனுள் அடங்கிவிடுகின்றது, தனியே குறிப்பிடப்படுவதில்லை.

திருவழிபாட்டுக் காலங்கள் எவருக்காக வந்து போகின்றன? ஊதாத்துணி மாறி வெள்ளைத்துணி வருவதனால் மட்டும் ஒரு காலம் பிறந்துவிடுவதில்லை. ஒருவர் தமக்குக் கிடைத்ததில் ஒரு பங்கை இன்னொருவருடைய கிடையாக் காலத்துக்காக எடுத்து வைக்கும்போதே தபசு தபசாகின்றது. அவ்வாறு எடுத்து வைத்ததை நாணாமல் உண்ண முடியும்போதே நத்தார் நத்தாராகின்றது. அவ்விரண்டுக்கும் இடையே ஒன்பது மாதங்களும் ஒரு கடலும் கிடக்கின்றன.

புதிய கூரையின்மேல் இப்போது மழை ஓசையெழுப்பிப் பெய்கின்றது. உள்ளே ஒரு துளியும் விழுவதில்லை. இம்முறை விபூதிப் புதனன்று சாம்பல் பூசி முடிந்ததும், பேணி வாங்க வந்தோரின் வரிசையில் அம்மூதாட்டியும் நின்றார். மூப்பர் ஒன்றை எடுத்துத் துடைத்து அவர் கையிற் கொடுத்தார். அவர் அதைக் காதருகே பிடித்து ஒருமுறை குலுக்கிப் பார்த்தார். வெறும்பேணிதான். முந்தானையால் மூடிக்கொண்டு, வெண்மணலில் மெல்ல நடந்து வீட்டுக்குப் போனார்.