பீலி முனையில் மூன்று பேர்

மே மாத நடுப்பகுதி வந்தால் அப்பா ஒரு சனிக்கிழமை வீட்டில் நிற்கமாட்டார் என்று எங்கள் வீட்டில் எல்லாருக்கும் தெரியும். ரொறொன்ரோவில் இருந்து விடியப்புறம் இரண்டு மணிக்கு வெளிக்கிட்டால் 401இல் நாலு மணித்தியால ஓட்டம். லெமிங்ரனில் தக்காளி வளர்க்கும் கண்ணாடி வீடுகளைத் தாண்டினால் பொயின்ற் பீலி. 1918இல் தேசியப் பூங்காவானது. கனடாப் பெருநிலத்தின் தென்கோடி அதுதான். ஈரி ஏரிக்குள் நீண்டு, கடைசியில் ஊசி மாதிரி ஒடுங்கிப்போகும் மணல்.

வசந்தத்தில் தெற்கே இருந்து வரும் சின்னக் குருவிகள் இரவில்தான் ஏரியைக் கடக்கின்றன. இடையில் எதிர்காற்றோ மழையோ பிடித்துவிட்டால், களைத்து இந்த முனையிலேயே இறங்கிவிடும். மர உச்சியில் கழுத்து நோகத் தேடவேண்டிய குருவி உங்கள் சப்பாத்துக்குப் பக்கத்தில் பூச்சி பொறுக்கிக்கொண்டு நிற்கும்.

இதை முதன்முதல் பார்த்த அன்று என் சிநேகிதன் சொன்னான், "மச்சான், எங்கட ஆறுமணிக்குருவி மாதிரியெல்லோ!"

மாரிக்கு முன்னம் இந்தியாவில் இருந்து கடல் கடந்து யாழ்ப்பாணத்துக்கு வரும் குருவி அது. காலையும் மாலையும் ஆறு மணியளவில் கூப்பிடும். வந்த களைப்பில் சிலவேளை வீட்டுக்குள்ளேயே விழுந்து கிடக்கும். அப்படி ஒன்று எங்கள் குசினிக்குள் கிடந்தபோது எனக்கும் அவனுக்கும் பத்து வயது. சப்பாத்துப் பெட்டிக்குள் வைத்து, இரவு முழுக்க மாறி மாறி மூடியைத் திறந்து பார்த்தோம். விடியப் பறந்துவிட்டது. எங்களுக்கு அன்று பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை.

எங்களிடம் பைனாகுலர் இருந்ததில்லை. பிறகு சண்டை தொடங்கின காலத்தில் இருந்திருந்தாலும் கொண்டு திரிய ஏலாது. வேலிக்கரையில் கண்ணில் பைனாகுலரை வைத்துக்கொண்டு நிற்கிற பெடியனை யார் நம்புவான்? அதனால் காதால்தான் பழகினோம். அவன்தான் கெட்டிக்காரன். கண்ணை மூடிக்கொண்டு, எந்த மரம், எந்தக் கொப்பு என்றுகூடச் சொல்லுவான்.

மூன்று வருஷத்துக்கு முன் பீலியில் பிளாக்போல் வார்ப்ளர் ஒன்று தலைக்கு மேலே பாடியது. 12 கிராம் அளவு எடைதான். இலையுதிர் காலத்தில் அட்லாண்டிக்கின் மேலே இரண்டு மூன்று நாள் இறங்காமல் பறக்கிற குருவி. அதன் பாட்டு ஒரே மெல்லிய சுருதி, மிக மிக உயரத்தில். நான் திரும்பிப் பார்த்தேன். அவன் சான்ட்விச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"கேக்கேல்லையா?"

"என்னது?"

இருபது வருஷத் தொழிற்சாலைச் சத்தமும் வயதும் சேர்ந்து அவன் காதில் மேல் சுருதிகளைத் தின்றுவிட்டன. பேச்சு கேட்கும், மஞ்சள் வார்ப்ளர் கேட்கும், இது கேட்காது. அடுத்த மே "முதுகு நோகுது" என்றான். அதற்கடுத்த மே கலியாண வீடு என்றான். நானும் தனியே போகவில்லை. உண்மையைச் சொன்னால், அவனோடு எனக்குக் கொஞ்சம் கோபமும் இருந்தது.

போன வருஷம் என் மகளையும் கூட்டிக்கொண்டு அவன் வீட்டு வாசலில் நின்று ஹோர்ன் அடித்தேன். பதினொரு வயதுப் பிள்ளை கூப்பிட்டால் மறுக்கமாட்டான் என்று தெரியும். (பிள்ளையோடு போகிறவர்களுக்கு ஒரு சொல்: சின்னதாய், பாரமில்லாத பைனாகுலர் ஒன்று தனியாக வாங்கிக் கொடுங்கள். உங்களுடையதைப் பிடுங்கினால் உங்கள் நாள் போச்சு.)

பூங்கா வண்டியில் முனைப்பக்கம் போய் இறங்கி நடந்தோம். அவன் பின்னால் மெல்ல வந்தான், ஏரியைப் பார்த்துக்கொண்டு. திடீரென்று மகள் நின்றாள்.

"மாமா, மேல ஏதோ... சின்ன சைக்கிள் சில்லு சுத்துற மாதிரி."

எனக்கே அப்போதுதான் கேட்டது. அவனுக்குக் கேட்கவில்லை. அதை மறைக்கவும் இல்லை. "எனக்குக் கேக்காது, பிள்ளை. எப்பிடிப் பாடுது எண்டு சொல்லு."

அவளுடைய தமிழில் அதற்குச் சொல் இல்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு அவன் கையைப் பிடித்து, மணிக்கட்டில் விரலால் தட்டத் தொடங்கினாள். முதலில் மெதுவாக, பிறகு அழுத்தி, பிறகு திரும்பவும் மெதுவாக.

"பிளாக்போல்," என்றான். "எந்தக் கொப்பு?"

அவள் கை காட்டினாள். அவன் பைனாகுலரைத் தூக்கினான்.