வரைபடத்தில் ஒரு பள்ளிவாசல்

சிங்கப்பூர் செல்லும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால், சவுத் பிரிட்ஜ் சாலையிலுள்ள ஜாமிஆ சூலியா பள்ளிவாசலில் ஒரு வேளையேனும் தொழுது வாருங்கள். சோழமண்டலக் கரையிலிருந்து கடல் கடந்து சென்ற சூலியா முஸ்லிம்கள் 1826ஆம் ஆண்டில் நிறுவிய இறையில்லம் அது. எண்கோண வடிவில் உயர்ந்து நிற்கும் இரு மினாராக்களைக் கண்டதும் நம் கடற்கரைப் பட்டினங்கள் உங்கள் நினைவுக்கு வரும்.

வெளியே வந்தால் சுற்றிலும் சீனர் கடைவீதி! தமிழ் முஸ்லிம்களின் பள்ளி இங்கு எவ்வாறு அமைந்தது என்று வியப்பீர்கள். 1822ஆம் ஆண்டில் ராஃபிள்ஸ் வகுத்த நெறியின்படி, லெப்டினென்ட் ஜாக்சன் நகருக்கு ஒரு வரைபடம் தயாரித்தார். மலாய்க்காரருக்குக் கம்போங் கிளாம், சீனருக்கு ஆற்றின் தென்புறம், சூலியாக்களுக்கு ஆற்றின் மேற்பகுதி என்று அதில் இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. ஆனால் அது முழுமையாக நடைமுறைக்கு வரவில்லை. சூலியாக்களின் பள்ளி சீனர் பகுதியிலேயே எழுந்தது.

வரைபடத்திற்குச் சட்டத்தின் வலிமை வந்தது 1958இல்தான். 'மாஸ்டர் பிளான்' என்னும் பெருந்திட்டம் அவ்வாண்டு ஒப்புதல் பெற்றது. 5 ஆண்டுகளுக்கு ஒருமுறை அதனை மறுஆய்வு செய்கிறார்கள். அடுத்த 10 முதல் 15 ஆண்டுகளுக்கு எந்த நிலம் எதற்கு என்பதை அது வரையறுக்கிறது.

பள்ளியிலிருந்து சிறிது தொலைவு நடந்தால் மேக்ஸ்வெல் சாலை. அங்குள்ள நகர்க் காட்சிக்கூடம் இத்திட்டத்தை விளக்குவதற்கென்றே அமைந்தது. பெருந்திட்ட வரைபடத்தில் குடியிருப்புக்கு ஒரு நிறம், வாணிபத்திற்கு ஒன்று, வழிபாட்டு இடத்திற்கு வேறொன்று. நிறத்தோடு ஓர் எண்ணும் காணப்படும். 2.8 என்றிருந்தால், 1,000 சதுர மீட்டர் மனையில் எல்லா மாடிகளும் சேர்ந்து 2,800 சதுர மீட்டர் வரை கட்டலாம் என்பது பொருள்.

இந்த நிறங்களில் நம் சமுதாயத்தின் வாழ்வும் அடங்கியிருக்கிறது. பழைய கம்பங்கள் அகற்றப்பட்டு அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தபோது, மக்களோடு பள்ளிகளும் இடம்பெயர வேண்டியிருந்தது. அதற்கென 1975இல் பள்ளிவாசல் கட்டட நிதி தொடங்கப்பட்டது. முஸ்லிம் தொழிலாளர்களின் சம்பளத்திலிருந்து மாதம் 50 காசு சேர்ந்தது. அந்நிதியில் முதலாவதாக, 1977இல் தோ பாயோவில் முஹாஜிரீன் பள்ளி எழுந்தது. புதிய நகரங்களில் பள்ளிக்கான மனை திட்டத்திலேயே இடம்பெற்றதால், சிறுகச் சேர்த்த காசு கட்டடமாயிற்று.

மறுபுறமும் உண்டு. பிடாதரி மையவாடியின் கப்ருகள் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தோண்டி எடுக்கப்பட்டன. இன்று அங்கே குடியிருப்புகள் உள்ளன. நிலம் குறைந்த அந்நாட்டில் 1998 முதல் அடக்கத்திற்கு 15 ஆண்டுத் தவணைதான். பின்னர் எச்சங்களை எடுத்து வேறிடத்தில் நெருக்கமாக அடக்குகிறார்கள். பெற்றோரின் கப்ரு நிலைத்திருக்கும் என்று எண்ணிய உள்ளங்களுக்கு அது எத்துணை வேதனை!

வாசகர்களே! இது அயல்நாட்டுச் செய்தி என்று ஒதுக்கிவிடாதீர்கள். 1971ஆம் ஆண்டின் தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டப்படி நம் ஊர்களுக்கும் பெருந்திட்டம் உண்டு. அதன் வரைவை வெளியிட்டு, மக்கள் கருத்துரைக்கக் குறைந்தது இரண்டு மாத அவகாசம் தர வேண்டும். அரசின் ஒப்புதல் கிடைத்தபின் அதனை மாற்றுவது எளிதன்று.

ஆகவே அறிவிப்பு வரும்போது, ஜமாஅத்தார் நிலப் பத்திரத்தோடு சென்று வரைபடத்தைப் பாருங்கள். மையவாடி நிலம் எந்த நிறத்தில் உள்ளது? மதரஸாவின் மீது புதிய சாலை குறிக்கப்பட்டிருக்கிறதா? ஊர்க் குளம் குளமாகவே காட்டப்பட்டிருக்கிறதா? பிழை கண்டால் சர்வே எண்ணைக் குறிப்பிட்டு, தவணைக்குள் எழுத்தில் கொடுத்து, பெற்றதற்குச் சான்றும் வாங்கிக்கொள்ளுங்கள். பின்னாளில் நீதிமன்றப் படியேறும் துன்பத்தை அந்த ஒரு தாள் தவிர்க்கக்கூடும்.