கமீலியா கடையின் பணிப்பெண்

குற்றப் புனைவை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டவள் கொரியக் காதல் நகைச்சுவைத் தொடர்களில் இரவுகளைக் கழிக்கலாமா என்று துறை நண்பர்கள் கேலி செய்வதுண்டு. கேலியில் ஓரளவு நியாயமும் உண்டு. ஆயினும் 2019-இல் கேபிஎஸ்2 அலைவரிசையில் ஒளிபரப்பான ‘வென் தி கமீலியா ப்ளூம்ஸ்’ தொடரைப் பற்றி எழுதாமல் இருக்க இயலவில்லை. முடிவைச் சொல்லியே எழுதுகிறேன். பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ஓங்சான் என்னும் கற்பனைச் சிற்றூர். சோயா சாற்றில் ஊறவைத்த நண்டு விற்கும் கடைகள் நிறைந்த ஒரு தெரு. அங்கே தனியாக மகனை வளர்க்கும் டோங்பேக், ‘கமீலியா’ என்ற மதுக்கடையை நடத்துகிறாள். ஊர்ப் பெண்கள் அவளைப் புறம்பேசுகிறார்கள். காவலன் யோங்சிக் கண்டதும் காதல் கொள்கிறான். இந்தக் கலகலப்புக்கு நடுவே, முன்பொருமுறை அவள் உயிர்தப்பிய தொடர்கொலையாளி மீண்டும் அவளைச் சுற்றிவரத் தொடங்குகிறான்.

தொடரின் தொடக்கத்திலேயே நீரிலிருந்து ஒரு பெண்ணின் உடல் மீட்கப்படுகிறது. முகம் காட்டப்படுவதில்லை. அதன்பின் ஒவ்வொரு அத்தியாயத்திலும் நாம் கேட்பது ஒரே கேள்விதான்: டோங்பேக் பிழைப்பாளா? காதல் கதை நம்மை அப்படிப் பழக்கிவிடுகிறது. இறுதியில் அந்த உடல் ஹ்யாங்மியுடையது என்று தெரியவருகிறது. அவள் கடையின் பணிப்பெண். சில்லறைத் திருட்டும் மிரட்டிப் பணம் பறித்தலும் அவள் வழக்கம். சேர்த்த பணமோ டென்மார்க்கில் இருக்கும் தம்பிக்குப் போகிறது. டோங்பேக்கிற்குப் பதிலாக உணவு கொண்டுசேர்க்கச் சென்ற இரவில் கொல்லப்படுகிறாள். நாயகி தப்பினாள் என்ற நிம்மதி பார்ப்பவருக்கு ஒரு கணமேனும் எழும். தொடர் குறிவைப்பது அந்த நிம்மதியைத்தான். குற்றக் கிளைக்கதையைக் காதலுக்கு இட்ட காரம் என்று கருதும் விமர்சனங்கள் இந்த இடத்தைத் தவறவிடுகின்றன.

காதலும் கொலையும் ஒரே கதையில் குடியிருப்பது கொல்கத்தாவுக்குப் புதிதன்று. சரதிந்து பந்தோபாத்யாயின் வியோம்கேஷ், தம் மனைவி சத்யவதியை முதலில் சந்திப்பதே ஒரு கொலை விசாரணையில்தான். ஆனால் ஹ்யாங்மியின் உடலைக் கண்டபோது என் நினைவுக்கு வந்தவர்கள் வேறு பெண்கள். இந்நகரக் காவல்துறையில் துப்பறிவாளராக இருந்த பிரியநாத் முகோபாத்யாய், 1892 முதல் ‘தரோகர் தப்தர்’ என்ற வரிசையில் வழக்குகளைக் கதைகளாக வெளியிட்டார். அதில் திரைலோக்யா வருகிறாள். சோனாகாச்சியைச் சேர்ந்த அவள், நகையணிந்த பாலியல் தொழிலாளர்களை மாணிக்தலாவின் ஒரு தோட்டத்துக் குளத்திற்கு அழைத்துச் சென்று மூழ்கடித்தாள். ஐந்து பெண்கள். வேறொரு கொலை வழக்கில்தான் சிக்கி, 1884-இல் தூக்கிலிடப்பட்டாள். காணாமற்போனவர்கள் எங்கே என்று உரக்கக் கேட்போர் இருந்திருந்தால் எண்ணிக்கை ஐந்துவரை போயிருக்காது என்றே எண்ணத் தோன்றுகிறது.

2024 ஆகஸ்ட்டில் ஆர்.ஜி.கர் மருத்துவக் கல்லூரியில் பயிற்சி மருத்துவர் கொல்லப்பட்ட பின், 14-ஆம் தேதி இரவு இந்நகரப் பெண்கள் தெருக்களை நிறைத்தனர். எங்கள் விடுதியிலும் பாதுகாப்பு பற்றிப் பேச்சு எழுந்தது. புது விளக்குகள் வந்தன. நேரம் குறிக்கும் பதிவேடு வந்தது. எங்களுக்குச் சமைக்கும் மாஷி (பெரியம்மா, சித்தியை வங்காளத்தில் அப்படித்தான் அழைப்பர்) பாத்திரம் துலக்கி முடித்து, ஒன்பதரைக்கு மேல் தனியே யாதவ்பூர் நிலையத்திற்கு நடந்து கேனிங் ரயிலைப் பிடிக்கிறார். பதிவேட்டில் அவருக்கு இடமில்லை. கேட்டோம். அவர் ஒப்பந்ததாரரின் ஆள் என்று விடை வந்தது.

தொடரில் எனக்கு மிகவும் பிடித்தது யோங்சிக்கின் காதல் அன்று. புறம்பேசிய அதே கடைத்தெருப் பெண்கள், டோங்பேக்கிடம் சொல்லாமலே முறைவைத்து அவளுக்குக் காவலாகத் திரிவார்கள், முணுமுணுத்துக்கொண்டேதான். கொலையாளியைக் கடைசியில் வீழ்த்துவதும் காவலனல்லன். டோங்பேக்கே பீர்க் குவளையால் அவன் தலையில் அடிக்கிறாள். அப்பெண்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறார்கள்.

இப்போது எங்களில் இருவர் முறைவைத்து மாஷியுடன் நிலையம்வரை நடக்கிறோம். வழி நெடுக அவர் எங்கள் மெலிவைப் பற்றித் திட்டிக்கொண்டே வருவார். திரும்புவதற்குள் மணி பத்தைத் தாண்டிவிடும். பதிவேட்டில் எங்கள் பெயர்களுக்கு எதிரே சிவப்புக் கோடுகள் கூடிக்கொண்டிருக்கின்றன.