லூப் எடுக்கப் போகும் பெண்ணுக்கு

கருப்பைக்குள் வைக்கும் கருத்தடைக் கருவியான லூப்பைப் போட்ட கதையை நம் பெண்கள் விலாவாரியாகச் சொல்வார்கள். எடுத்த கதையை யாரும் சொல்வதில்லை. அதனால்தான் வதந்தி வளர்கிறது: கன வருஷம் கிடந்தால் சதையோடு ஒட்டிவிடும், மயக்கி அறுத்துத்தான் எடுப்பார்கள், எடுத்த பிறகு பிள்ளை தங்காது. மொன்றியலில் தமிழர் நெருங்கி வாழும் பார்க் எக்ஸ்டென்ஷனில், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வரும் வழியில் ஒரு தங்கச்சி என்னைக் கேட்டாள்: "அக்கா, நீங்கள் எடுத்தனீங்கள்தானே. உண்மையைச் சொல்லுங்கோ, சரியா நோகுமோ?"

போடும்போது நொந்ததில் பாதிகூட எனக்கு நோகவில்லை. சூரியன் படம் போட்ட சுகாதார அட்டையோடு சி.எல்.எஸ்.சி. என்னும் உள்ளூர்ச் சுகாதார நிலையத்துக்குப் போனேன். உள்ளே பார்ப்பதற்கான கருவியை வைத்தபோதுதான் உடம்பு இறுகியது. கருப்பை வாய்க்கு வெளியே இரண்டு மெல்லிய நூல்கள் தெரியும். தாதி அவற்றைக் கவ்விப் பிடித்து, மூச்சை நன்றாக இழுத்து விடச் சொல்லிவிட்டு நிதானமாக இழுத்தார். டி வடிவக் கருவியின் இரண்டு கைகளும் மேல்நோக்கி மடங்க, முழுதும் வழுக்கி வந்துவிட்டது. மாதவிடாய் வலி போல அடிவயிற்றில் ஒரு பிடி. கட்டிலை விட்டு இறங்குமுன்னே தணிந்துவிட்டது. பார்க்கலாமா என்று கேட்டேன். சின்னத் தட்டில் வைத்துக் காட்டினார். மூன்று சென்ரிமீற்றர் சொச்ச நீளம், தண்டில் சுற்றிய செம்புக் கம்பி கறுத்துப்போயிருந்தது. இத்தனை ஆண்டுகள் உள்ளே இருந்தது இவ்வளவுதானா என்று வியந்தேன்.

எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்லமாட்டேன். சிலருக்கு நூல் உள்ளே சுருண்டு மறைந்திருக்கும். அப்போது மெல்லிய தூரிகையால் நூலைத் தேடுவார்கள். கிடைக்காவிட்டால் ஸ்கான் எடுத்து இடம் பார்த்து, வேறு கருவியால் எடுப்பார்கள். மயக்க மருந்து தேவைப்படுவது அரிது. சதையோடு ஒட்டிவிடும் என்ற பயத்துக்கு இந்தக் கொஞ்சப் பேரின் கதை ஊற்றாக இருக்கலாம். எடுத்த அன்றைக்கு லேசான இரத்தக்கசிவு இருக்கலாம். காய்ச்சல், தாங்க முடியாத வலி, துர்நாற்றமுள்ள வெள்ளைப்படுதல், நிற்காத இரத்தப்போக்கு என்றால் மருத்துவரிடம் போகத் தாமதிக்கக் கூடாது.

பிள்ளை தங்காது என்பது முழுப் பொய். எடுத்த உடனேயே கர்ப்பம் தரிக்க முடியும். ஹோர்மோன் உள்ள வகையை எடுத்தவர்களுக்கு மாதவிடாய் பழைய ஒழுங்குக்கு வர ஓரிரு மாதம் ஆகலாம். செம்புள்ள வகைக்கு அந்தக் காத்திருப்பும் இல்லை. பிள்ளை வேண்டும் என்றிருப்பவர் ஃபோலிக் அமில மாத்திரையை முன்கூட்டியே தொடங்குவது நல்லது. வேண்டாம் என்றிருப்பவர் எடுப்பதற்கு முந்திய ஏழு நாளும் உறவைத் தவிர்க்க வேண்டும், அல்லது ஆணுறை பயன்படுத்த வேண்டும். விந்தணு உடம்புக்குள் பல நாள் உயிரோடு இருக்கும் என்பதே காரணம். இந்த ஏழு நாள் கணக்கை நம்மவர்களில் பலர் கேள்விப்பட்டதே இல்லை.

அந்தத் தங்கச்சிக்கு வலியை விடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. "காலம் முடிய முன்னம் ஏன் எடுக்கிறாய் எண்டு கேட்டா என்ன சொல்றது? இவரிட்ட கையெழுத்துக் கேப்பினமோ?" கேட்கமாட்டார்கள். கணவரின் கையெழுத்து இங்கே தேவையில்லை. காரணத்தை மருத்துவர் விசாரிக்கலாம். காரணம் சொன்னால்தான் எடுப்பேன் என்று நிபந்தனை போட முடியாது. வேண்டாம் என்று தோன்றினால் அதுவே போதும்.

இந்த உரிமை தானாக வந்ததில்லை. இதே நகரில் மக்கில் பல்கலைக்கழக மாணவர்கள் 1968இல் கருத்தடைக் கையேடு வெளியிட்டபோது, அப்படி ஒன்றைப் பரப்புவது கனடாவில் குற்றம். 1969இல்தான் அந்தத் தடை நீங்கியது. மறுபக்கம், கேட்காமலே போட்டுவிட்ட கொடுமையும் நடந்திருக்கிறது. கிரீன்லாந்தில் 1960களிலும் 70களிலும் டேனிஷ் மருத்துவர்கள் ஆயிரக்கணக்கான இனுயிட் பழங்குடிப் பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் லூப் வைத்தார்கள். பலரிடம் சம்மதம் கேட்கவில்லை. உடம்புக்குள் அது இருப்பதே சிலருக்கு ஆண்டுகள் கழித்துத்தான் தெரிந்தது. டென்மார்க் பிரதமர் மெட்டே ஃபிரெடெரிக்சன் மன்னிப்புக் கேட்டது 2025இல். இந்தியாவில் 1965இல் லூப்பை ஊர் ஊராகக் கொண்டுபோனபோதும், எத்தனை பேருக்குப் போட்டோம் என்ற கணக்கில் இருந்த அக்கறை, இரத்தப்போக்கோடு திரும்பி வந்த பெண்களிடம் இல்லை. போடுவதில் காட்டும் அக்கறையை எடுப்பதிலும் காட்டாத எந்தத் திட்டத்தையும் பெண்களுக்கான திட்டம் என்று என்னால் ஏற்க முடியாது.

உங்களுக்கு லூப் போட்டபோது தந்த அட்டை வீட்டில் இருக்கும். அதைத் தேடி எடுத்து, மாற்ற வேண்டிய திகதியைப் பாருங்கள். கியூபெக்கில் 811ஐ அழைத்தால் தாதி ஒருவர் பேசுவார். பிரெஞ்சு தடுமாறினால், மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று நேரம் எடுக்கும்போதே கேளுங்கள். எடுத்தவர்கள் பக்கத்து வீட்டுப் பெண்களுக்கும் நடந்ததை அப்படியே சொல்லிவிடுங்கள்.