ஏழு நாள் கணக்கு யார் போட்டது?

எங்கள் பனியன் கம்பெனியின் டிசைன் சர்வரில் பேக்கப் ஏஜென்ட்டுக்கான டிஎஸ்எம்.ஆப்ட் கோப்பில் ஒரு வரி இருந்தது: ஷெட்லாக்ரிடென்ஷன் 7 டி. அதாவது, ஏழு நாளுக்கு முந்தைய லாக் வரிகளை அழித்துவிடு. கடைசியில் 'டி'க்குப் பதில் 'எஸ்' இருந்திருந்தால், கழிக்கும் வரிகள் தனிக் கோப்பில் சேர்ந்திருக்கும்.

பழைய பையரிடமிருந்து ரிபீட் ஆர்டர் வந்தபோதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. பிரிண்டிங் ஆர்ட்வொர்க் ஃபோல்டரைக் காணோம், பேக்கப்பிலும் இல்லை. எப்போது விடுபட்டது என்று பார்க்க லாக்கைத் திறந்தால், போன வாரத்துக்கு முந்தைய கதையே இல்லை. பேக்கப் சர்வரின் ஆக்டிவிட்டி லாக்கில் 30 நாள் இருந்தது. அது மென்பொருளை நிறுவும்போதே வரும் அளவு. அப்படியானால் இந்த 7 யார் போட்டது?

முதலில் மென்பொருளைத்தான் சந்தேகித்தேன். 1980களின் இறுதியில் கலிஃபோர்னியாவில் ஐபிஎம்மின் அல்மேடன் ஆய்வகத்தில் தொடங்கியது இது. 1993இல் ஏடிஎஸ்எம் என்று விற்பனைக்கு வந்து, 1999இல் டிவோலி ஸ்டோரேஜ் மேனேஜர், 2015இல் ஸ்பெக்ட்ரம் புரொடெக்ட் என்று பெயர் மாறி, இப்போது ஸ்டோரேஜ் புரொடெக்ட். கையேட்டைப் புரட்டினேன். யாரும் எதையும் மாற்றாவிட்டால் அங்கே இருப்பது 'என்': எதையும் அழிக்காதே, லாக் வளரட்டும். ஆக, 7 வந்தது கலிஃபோர்னியாவிலிருந்து அல்ல.

கோப்பு கடைசியாக மாற்றப்பட்ட தேதியைப் பார்த்தேன். அப்போது சிஸ்டம் பார்த்துக்கொண்டிருந்தவர் இப்போது சொந்தமாகக் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். போய்க் கேட்டேன். "சி டிரைவ் ஃபுல் ஆயிருச்சுங்க. ஷிப்மென்ட் நேரம், பில்லு போட முடியல. ஏழுன்னு போட்டேனுங்க, உடனே எடம் வந்துருச்சு. அப்புறம் யாரும் கேக்கலீங்க" என்றார். அவர் மேல் குறை சொல்ல மனம் வரவில்லை.

டிரைவ் ஏன் நிரம்பியது? ஏஜென்ட் இயல்பாகவே 'வெர்போஸ்' முறையில் ஓடும். எடுத்த ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு வரி எழுதும். சேம்பிள் போட்டோ, பேட்டர்ன், மார்க்கர், டெக் பேக் என்று தினமும் குவிகிற இடத்தில் வரிகளும் குவியும். 'கொயட்' என்று வைத்திருந்தால் லாக் இளைத்திருக்கும். ஷெட்லாக்நேம் வரியில் டி டிரைவைக் காட்டியிருந்தால் சி டிரைவ் தப்பியிருக்கும். இரண்டையும் விட்டு, வரலாற்றின் மேல் கத்திரி விழுந்தது.

சட்டமும் இதில் பேசுகிறது. 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவுப்படி, நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் லாக்குகளை 180 நாள் இந்தியாவுக்குள் பாதுகாக்க வேண்டும். சிறு, குறு, நடுத்தர நிறுவனங்களுக்கு அந்த ஆண்டு செப்டம்பர் 25 வரை அவகாசம் தந்தார்கள். எங்கள் திருப்பூரில் பெரும்பாலான கம்பெனிகள் அந்தப் பட்டியலில் வருபவைதான்.

எங்கள் ஆர்ட்வொர்க் எப்போது போனது என்பதற்குக் கடைசிவரை பதில் கிடைக்கவில்லை. இப்போது அந்த வரியில் 180 எஸ் என்று இருக்கிறது; லாக் டி டிரைவில் இருக்கிறது; மாற்றியவர் பெயரும் காரணமும் அடுத்த வரியிலேயே குறிப்பாக இருக்கின்றன. உங்கள் சர்வரிலும் அந்தக் கோப்பை இன்றே திறந்து பாருங்கள். காரணம் எழுதாத எண் ஏதாவது இருந்தால், அதைப் போட்டவர் கம்பெனியை விட்டுப் போவதற்குள் கேட்டுவிடுங்கள்.