ஏரிக்கரையில் ஒரு சிறு புள்ளி

விடுமுறையில் கொடைக்கானல் சென்று திரும்பியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். ஏரியைப் படம் பிடிக்காமல் எவரும் மலையிறங்குவதில்லை. பிடித்த படத்தை உறவினர்க்கு அனுப்பாமல் உறங்குவதுமில்லை. நானும் அவ்வாறே செய்தேன். அதில் என்னால் நேர்ந்த பிழையைத்தான் சொல்ல வந்தேன்.

2019 டிசம்பரில் குடும்பத்தோடு அங்கே சென்றிருந்தோம். மதுரையில் ஆட்சியராகப் பணியாற்றிய லெவிஞ்ச் என்னும் ஆங்கிலேயரின் முயற்சியால் 1863இல் உருவான ஏரி அது. நட்சத்திர வடிவில் கிளைத்துக் கிடப்பதால், கரையில் நிற்பவர்க்கு ஒரே பார்வையில் முழுவதும் தென்படாது. சுற்றிவர ஏறத்தாழ 5 கிலோமீட்டர் பாதை உண்டு. சுபுஹுத் தொழுகை முடிந்ததும் அத்தா அந்தப் பாதையில் நடக்கப் புறப்பட்டுவிட்டார்கள்.

படம் எடுத்துக்கொள்வதில் அத்தாவுக்கு என்றுமே விருப்பம் இருந்ததில்லை. கடவுச்சீட்டுக்காக எடுத்ததைத் தவிர எங்கள் வீட்டில் அவர்களின் படம் கிடையாது. "தண்ணியைப் பிடிப்பா, மரத்தைப் பிடி, என்னை எதுக்கு?" என்று விலகி நடப்பார்கள். அன்றும் நான் தண்ணீரைத்தான் பிடித்தேன். நீரின்மேல் வெண்புகையாய் மூடுபனி. அதற்கப்பால் தலைகீழாய் மரங்களின் நிழல். வலது ஓரத்தில், கரைப்பாதையில், தொப்பியும் சால்வையுமாக அத்தா.

அன்றே குடும்பத்தார் அனைவர்க்கும் அனுப்பினேன். ஷார்ஜாவிலிருந்த தம்பி "மாஷா அல்லாஹ்" என்று எழுதினான். மறு ஆண்டு கைப்பேசியில் இடம் நிறைந்துவிட்டது. ஒரே படம் இரண்டாக இருக்கக் கண்டு, அதிக இடம் அடைத்ததை அழித்தேன். 2021இல் அத்தா வஃபாத்தானார்கள்.

இத்தா முடிந்த சில நாட்களில், அந்தப் படத்தைப் பெரிதாக்கித் தருமாறு அம்மா கேட்டார்கள். 20 அங்குல அகலத்தில் போடச் சொன்னேன். கடைக்காரத் தம்பி திரையில் பார்த்துவிட்டு, "இது அனுப்புறதுக்காகச் சுருக்கினதுங்க பாய், பெருசு தாங்காது" என்றார்.

நான் எடுத்த படம் 4000க்கு 3000. அதாவது 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள். செயலி அனுப்பியதோ 1600க்கு 1200; 20 லட்சத்துக்கும் குறைவு. ஆறேகால் புள்ளி இருந்த இடத்தில் ஒன்றே ஒன்று! அதோடு நின்றதா? 1992இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக் முறை, படத்தை எட்டுக்கு எட்டுக் கட்டங்களாகப் பிரித்து, கண் எளிதில் கவனிக்காத நுட்பங்களைக் கழித்துவிடுகிறது. அழுத்தம் கூடக்கூட இழப்பும் கூடும். பனியின் மெல்லிய சாயல்கள் படிப்படியாய் வெட்டுண்டு நிற்பது அதனால்தான். என் படத்தில் அத்தாவின் உயரம் 60 புள்ளிகள். தலை முதல் கால் வரை ஏழெட்டுக் கட்டங்களே! மூலப்படத்தில் அது 150 புள்ளிகளாக இருந்திருக்கும்.

தம்பியிடம் கேட்டேன், அவனிடமிருந்ததும் அதே சுருங்கிய படமே. செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றில் கொடுத்துப் பார்த்தோம். ஏரி பளிங்குபோல் தெளிந்தது. கண்ணும் மூக்கும் தாடியும் துலங்க ஒரு முகமும் வந்தது. அம்மா நெடுநேரம் பார்த்தார்கள். "இது யாருப்பா?" என்றார்கள். இல்லாத புள்ளிகளை அந்தச் செயலி தானாக ஊகித்து நிரப்பியிருந்தது. வேறெவரோ ஒரு பெரியவர் எங்கள் அத்தாவின் சால்வையைப் போர்த்திக்கொண்டு நின்றார்.

ஆகவே, படங்களைச் சுருக்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அனுப்புவதற்குச் சுருக்கம் வேண்டியதுதான். அகலத்தையும் உயரத்தையும் ஒரே விகிதத்தில் குறையுங்கள், இல்லையேல் மலை சப்பையாகிவிடும். ஆனால் பிரதியை மட்டும் சுருக்குங்கள். மூலத்தைத் தனி வன்தகட்டில் சேமித்துவிட்டு, அது திறக்கிறதா என்று பார்த்த பிறகே கைப்பேசியில் அழியுங்கள். மூலத்தையே உறவினர்க்கு அனுப்ப விரும்பினால், படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புங்கள். சுருங்காமல் போய்ச் சேரும்.

இறுதியில் 5 அங்குலத்துக்குச் சற்று மிகுந்த அகலத்தில் அச்சிட்டு வாங்கினேன். அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கணக்கில் அவ்வளவுதான் கிடைத்தது. அதில் அத்தா அரை சென்டிமீட்டர் உயரம். அம்மா அதைத் தம் கண்ணாடிக் கூட்டுக்குள் வைத்திருக்கிறார்கள். அஸருக்குப் பின் எடுத்து, சன்னலோரம் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்ப்பார்கள். "முகம் தெரியலேன்னா என்னப்பா, அந்த நடை அவங்க நடைதான்" என்கிறார்கள்.