விலையில்லா மடிக்கணினியின் புனர்ஜென்மம்

2011 செப்டம்பரில் தொடங்கிய திட்டத்தின்கீழ் தமிழக அரசு மாணவர்க்கு வழங்கிய விலையில்லா மடிக்கணினிகளில், விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை ஆதாரமாகக் கொண்டு உருவாக்கிய ‘பாஸ்’ இயங்குதளமும் குடியிருந்ததை எங்கள் ஊரான தாமலின் பிள்ளைகளில் அநேகர் கவனித்ததேயில்லை. கவனித்தவர்களோ, சினிமாவுக்கு இடம் போதவில்லையென்று அதை அழித்துவிட்டார்கள் (அந்த வயதில் அது நியாயந்தான்).

அத்தகைய யந்திரம் ஒன்றில், கல்யாணப் புகைப்படங்களையெல்லாம் முதலில் வேறிடத்தில் பத்திரப்படுத்திவிட்டு, சென்ற வாரம் லினக்ஸை நிறுவியபோது, கறுத்த திரையில் வெள்ளை எழுத்துக்கள் சரசரவென்று ஓடி முடிய, விண்டோஸில் முக்கி முனகிக்கொண்டிருந்த அதே கிழட்டுக் கணினி உற்சாகமாக எழுந்து நின்றது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவும் 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. ஆகையால், பழைய மடிக்கணினியைக் காயலான் கடையில் எடைக்குப் போடுமுன், பென் டிரைவில் லினக்ஸை ஏற்றி, நிறுவாமலேயே ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.